பத்துக்குப் பத்தும் தப்பு

அத்தியாயம் 6

திண்டிவனம் பஸ் கிளம்புவதற்குள் இருதயராஜ் மூன்று தடவை இறங்கி ஏறிவிட்டான். ஒரு தடவை அவித்த மல்லாட்டைக் கடலை வாங்க. ஒரு தடவை அதைத் தின்ற தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க. இன்னொரு தடவை, தண்ணீர் குடித்த காரணத்துக்காக.

"ஒரு எடத்துல உக்கார மாட்டியாடா?" என்றார் பாண்டுரங்கன்.

"உக்காந்தா பயம் வயித்துல தங்கிடுது வாத்தியாரே. நின்னுக்கினு இருந்தா காலு வழியா எறங்கிடுது."

பாண்டுரங்கன் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து விரல்களுக்கிடையே உருட்ட ஆரம்பித்தார். விழுப்புரம் ரயிலடிப் பக்கம் டுட்டோரியலில் பல வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவர். ஒரு மழைக்காலத்தில் டுட்டோரியலின் கூரை இறங்கியது. மாணவர்கள் அதற்கு முன்பே இறங்கியிருந்தார்கள். மிச்சமிருந்த அறையில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியபோது, மிச்சமிருந்த ஒரே மாணவன் உதவியாளனானான். அவன்தான் இருதயராஜ். பி.எஸ்சி.யில் எல்லாப் பேப்பரும் தேறி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மட்டும் பாக்கி. அந்தப் பேப்பரை அவன் ஐந்து தடவை சந்தித்துவிட்டான். இருவரும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

பஸ் நகர்ந்தது. பயம் காலிலிருந்து மறுபடி வயிற்றுக்கு ஏறியது.

விஷயம் சின்னதுதான். கெடாரில் நிலநீச்சோடு இருக்கிற சுப்பராயலுவின் மகள் அம்சாவுக்கு நாளை மறுநாள் காலை திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை சீனுவாசன், திண்டிவனம் ரைஸ் மில் சக்கரபாணியின் மகன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து, பம்பாய்ப் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை. நேற்று மத்தியானம் சுப்பராயலுவின் மண்டிக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் பெயர் சொல்லவில்லை. "உங்க மாப்பிள்ளை எம்.எஸ்சி.யும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மொத வருஷத்துலயே காலேஜை விட்டவன். வேணும்னா ஆளை வெச்சு விசாரிச்சுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

காலையில் கெடாரில் சுப்பராயலு வாசலில் நடந்துகொண்டே பேசினார்.

"சர்ட்டிபிகேட்டு காட்டுனாங்க வாத்தியாரே. ஆனா அச்சடிச்சுக் குடுக்கறவன் இல்லாத ஊரா? நாளைக்கு விடிஞ்சா சொந்தபந்தம் வண்டி ஏறிடும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை. படிச்சவனா, இல்லியா. பொய்யின்னா நிறுத்திப்புடறேன்."

"நிறுத்தினா பொண்ணுக்கு..." என்று பாண்டுரங்கன் இழுத்தார்.

"மாப்பிள்ள பித்தலாட்டக்காரன்னு ஊருக்குத் தெரிஞ்சா எம் பொண்ணு தப்பிச்சான்னு சொல்லுவாங்க. காரணம் தெரியாம நின்னாத்தான் வம்பு. எங்க அண்ணன் பொண்ணு பாஞ்சாலி கதை தெரியுமில்ல? நிச்சயம் ஆன மூணாம் வாரம் மாப்பிள்ளைக்கு லாரி மோதிக் காலு போச்சு. லாரியை எவனும் திட்டல. பொண்ணு ராசின்னான். இன்னும் வூட்டுலதான் இருக்குது."

கிளம்பும்போது அம்சா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இருதயராஜ் சொம்பைத் திருப்பிக் கொடுக்கையில், அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "எதுவா இருந்தாலும் எங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்கண்ணா. எல்லாரும் எங்க நைனாகிட்டதான் சொல்றாங்க."

அந்த 'அண்ணா'தான் இப்போது அவனை உட்கார விடாமல் படுத்தியது.

ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது. தவிடு காற்றில் பறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பவுடர் பூசி அனுப்பியது. சக்கரபாணி பத்திரிகை வைக்க வெளியே போயிருந்தார். மாப்பிள்ளை மட்டும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தான். மெலிந்த முகம். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன். கையில் மடித்த கைக்குட்டை.

"விழுப்புரத்துல டுட்டோரியல் வெச்சிருக்கேன் தம்பி" என்றார் பாண்டுரங்கன், பழைய உண்மையைப் புதுசாக்கி. "இவன் எங்கிட்ட படிக்கறான். ஆர்கானிக்ல உதைக்குது. நீங்க எம்.எஸ்சி.ன்னு கேள்விப்பட்டோம்."

"அஞ்சு தடவை உதைச்சிருக்குதுங்க" என்றான் இருதயராஜ். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வேஷம் அவனுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

சீனுவாசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "கேளுங்க" என்றான்.

பாண்டுரங்கன் குனிந்து சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஆறு மூலை வளையம் ஒன்றை வரைந்தார். "பென்சீன் வளையம். இதுல ரெண்டு குளோரின் மாட்டறோம். பக்கத்துப் பக்கத்து மூலையில உக்காந்தா ஆர்த்தோ. ஒரு மூலையைத் தாண்டி உக்காந்தா மெட்டா. எதிரும் புதிருமா உக்காந்தா பாரா. இது இவனுக்கே தெரியும்."

"நேத்து ராத்திரி வரைக்கும் தெரியும்" என்றான் இருதயராஜ்.

"இவன் தடுமாறறது வேற எடத்துல. வளையத்தைத் திருப்பி வரைஞ்சுட்டா அது அதே பொருளா, வேற பொருளான்னு புரியல. பத்து ஜோடி போடறேன். ஒவ்வொரு ஜோடியும் ஒண்ணா, வேறயா? நீங்க சொல்லுங்க, அவன் கேட்டுக்கட்டும்."

முதல் ஜோடி. ஒரு வளையத்தில் உச்சி மூலையிலும் அதற்கு வலப்பக்கத்து மூலையிலும் குளோரின். இன்னொன்றில் உச்சியிலும் இடப்பக்கத்து மூலையிலும். திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

"வேற வேற" என்றான் சீனுவாசன்.

பாண்டுரங்கனின் புருவம் ஏறி இறங்கியது. அடுத்த ஜோடி: ஒன்று ஆர்த்தோ, மற்றது மெட்டா.

"இது ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்றாவது, நான்காவது என்று வளையங்கள் தரையில் கதவுவரைக்கும் போயின. சீனுவாசன் யோசிக்கவே இல்லை. பார்த்தான், சொன்னான். ஒன்றானதை வேறு என்றான், வேறானதை ஒன்று என்றான். நடுவில் ஒரு தடவை திரும்பிக்கொண்டு கைக்குட்டையை வாயில் ஒற்றினான். பத்தாவது பதிலும் தப்பாக வந்து விழுந்தபோது இருதயராஜுக்கே கூச்சமாக இருந்தது.

"படிச்சு ரொம்ப நாளாச்சு" என்றான் சீனுவாசன். குரலில் வருத்தம் இல்லை. "உங்களுக்கு வேண்டியது கிடைச்சுதா?"

"கெடைச்சுது தம்பி" என்றார் பாண்டுரங்கன்.

திரும்பும் பஸ்ஸில் இருதயராஜ்தான் பேசிக்கொண்டு வந்தான்.

"ஜல்தியா முடிஞ்சுது வாத்தியாரே. போன்ல சொன்னவன் நல்லவன். அம்சா பொண்ணு தப்பிச்சுது. எனக்கு ஒரே சந்தோஷம்."

"அப்போ ஏன் கால ஆட்டிக்கினே வர?"

"சந்தோஷம் காலு வழியா எறங்குது."

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். எழுந்து நின்றார், உட்கார்ந்தார். இவர் இப்படிப் பண்ணி இருதயராஜ் பார்த்ததில்லை. அது அவனுடைய இலாகா.

"இருதயம், உனக்கு இந்த வளையமெல்லாம் நெசமாவே புரியலதான?"

"மாதா சத்தியமா புரியல."

"சரி, பாரு." முன் சீட்டின் முதுகுத் தகரத்தில் சாக்பீஸ் ஓடியது. அதே பத்து ஜோடி, அதே வரிசை. "புரியாமயே சொல்லு. ஒண்ணா, வேறயா? யோசிக்காத."

"யோசிக்கற பழக்கம் இருந்தா பாஸ் ஆயிருப்பேனே." ஆனாலும் சொன்னான். ஒண்ணு. வேற. வேற. ஒண்ணு. அழித்து அழித்துப் போட்டு, பத்தும் முடியவும் கண்டக்டர் வந்து நின்றான்.

"இன்னாய்யா வண்டியில கோலம் போட்டுக்கினு இருக்கீங்க? மார்கழியா இது?"

"விக்கிரவாண்டியில நிறுத்துப்பா" என்றார் பாண்டுரங்கன். "நாங்க எறங்கணும்."

"விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்க."

"மிச்சத்தை நீயே போயிட்டு வா."

விக்கிரவாண்டியில் புழுதிக்கு நடுவே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, திண்டிவனம் போகிற எந்த வண்டி வந்தாலும் கையை நீட்டினார். இருதயராஜ் பின்னாலேயே ஓடினான்.

"இன்னா வாத்தியாரே பேஜாரு? நான் பத்தும் தப்பா சொல்லிட்டேனா?"

"நீ நாலு சரி."

"நாலா? எனக்கா?" அவன் மார்பு லேசாக விரிந்தது.

"ஒண்ணும் தெரியாத நீயே நாலு சரி. ஒண்ணா, வேறயான்னு ரெண்டே பதில். கண்ண மூடிக்கினு ஒளறினாகூட பாதியோ, பாதிக்குக் கொஞ்சம் கொறைச்சலோ சரியா வந்து விழும். காசை சுண்டிப் பாரு. பத்து வாட்டியும் தலையே விழுமா?"

"விழுந்தா காசைக் கடிச்சுப் பாப்பேன்."

"அந்தப் பையன் பத்துக்குப் பத்தும் தப்பு. ஒண்ணுல கூட தடுமாறல. பத்தையும் தப்பா சொல்லணும்னா இன்னா வேணும்?"

இருதயராஜ் யோசித்தான். பழக்கமில்லாத வேலை என்பதால் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவன் முகம் மாறியது.

"பத்துக்கும் சரியான பதில் தெரியணும்."

"தெரிஞ்சிருக்கு. பாத்த மாத்திரத்துல தெரிஞ்சிருக்கு. அவன் நெஜமான எம்.எஸ்சி. அதுவும் நல்லாப் படிச்ச எம்.எஸ்சி."

"அப்போ நான் அஞ்சு தடவையும் வாங்குன மார்க்கு..."

"கலப்படம் இல்லாதது. வண்டி வருது பாரு, ஏறு."

மணல் லாரி ஒன்று நின்றது. டிரைவர் பக்கத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டு திண்டிவனம் வரும்வரை இருதயராஜின் தலைக்குள் ஒரே கேள்வி குதித்துக்கொண்டிருந்தது. படிக்காதவன் படித்தவன் என்று சொல்லிப் பெண் கேட்பான், புரிகிறது. படித்தவன் ஏன் படிக்காதவனாக வேஷம் போடுகிறான்?

மில் ஆபீஸில் சீனுவாசன் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாதி வளையங்கள் அழிந்திருந்தன. துடைப்பதற்காகச் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். கையெல்லாம் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது. யாரோ அடித்துப் போட்ட மாதிரி. பக்கத்தில் விழுந்து கிடந்த கைக்குட்டையில் சிவப்பு.

"மண்டிக்கு போன் பண்ணது நீங்கதான்" என்றார் பாண்டுரங்கன்.

சீனுவாசன் எழுந்திருக்கவில்லை. "எங்க தப்பு பண்ணேன்?"

"தப்பே பண்ணல. அதான் தப்பு."

சீனுவாசன் ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டு, அழியாமல் மிச்சமிருந்த ஒரு வளையத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதுல ரெண்டு மூலையிலயும் இருக்கற குளோரினை எடுத்துடுங்க. ஒண்ணுமே மாட்டாம வெறுமனே நின்னா பென்சீன். ஒரே ஒரு மூலையில மெத்தில்னு ஒரு சின்ன வாலை மாட்டினா டொலுயீன். ரெண்டும் பாக்கத் தண்ணி மாதிரி. ரெண்டும் மணக்கும். பெயின்ட் கரைக்க ரெண்டும் ஆகும். டொலுயீன் மூச்சுல போனா, உடம்பு அந்த மெத்திலைப் பிடிச்சுக்கிட்டு அதை உருமாத்தி வெளிய தள்ளிடும். வெறும் வளையத்துல பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல சார். அது உள்ள தங்கி, எலும்புக்குள்ள போய் வேலையைக் காட்டும். எங்க கம்பெனியில டொலுயீன் ஊத்த வேண்டிய எடத்துல, சல்லிசா கிடைக்குதுன்னு பென்சீனை ஊத்தினாங்க. மூணு வருஷம் அந்த வாசனையிலதான் நின்னேன். நல்ல வாசனை."

"டாக்டர்கிட்ட..." என்றான் இருதயராஜ்.

"நிச்சயம் முடிஞ்சு பம்பாய் போனப்பதான் காமிச்சேன். ரத்தம் ஊறுற எடமே வத்திப் போச்சுன்னார், அதான் தொட்ட எடமெல்லாம் கன்றிப்போகுதாம். எத்தனை நாள்னு சொல்லல. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சாச்சுன்னு சொன்னேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டார்."

"வூட்டுல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்பா நம்பல. கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிடும்னார். வெளிய மூச்சு விட்டா கிணத்துல விழுந்துடுவேன்னு அம்மா. அவங்களை மீறிப் பொண்ணு வீட்டுல சொல்லலாம்தான். கெடார்ல அடுத்த நிமிஷம் என்ன பேசுவாங்க? நிச்சயம் பண்ண மூணு மாசத்துல மாப்பிள்ளை சாகக் கிடக்கறான், பொண்ணு ராசியைப் பாருன்னு. அந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு பொண்ணு அப்படி உக்காந்திருக்கு. நான் பித்தலாட்டக்காரன்னு ஆனா, திட்டு என்னோட நின்னுடும். அவங்க தப்பிச்சாங்கன்னு பேராகும். வேற வழி எனக்குத் தெரியல. நீங்க சொல்லிடுங்க சார். பையன் படிக்காதவன்னு சொல்லிடுங்க."

பாண்டுரங்கன் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார். உடனே எடுத்தார்.

"இதுவரைக்கும் நான் பொய் ரிப்போர்ட் குடுத்ததில்ல தம்பி."

"நான் குடுக்கறேன் வாத்தியாரே" என்றான் இருதயராஜ். "எனக்குப் பழக்கம்."

அவர்கள் கெடாரில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. வாசலில் பந்தல் எழும்பி நின்றது. சமையல்காரர்கள் மாட்டு வண்டியிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு பந்தல்காரனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்கு முன்னால் அம்சா பார்த்துவிட்டாள். வைக்கோல்போர் ஓரமாக வந்து நின்றாள்.

இருதயராஜ் வழியெல்லாம் பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். நல்ல பொய். கிளை நுனிவரைக்கும் இலை வைத்துத் தைத்த பொய்.

"சொல்லுங்கண்ணா" என்றாள் அம்சா.

அவன் வாயைத் திறந்தான். வெளியே வந்தது உண்மை. போன், பத்து வளையம், கன்றிப்போன கை, ஜன்னல் பக்கம் போன டாக்டர் எல்லாம் முன்பின்னாக வந்து கொட்டியது. அவள் வைக்கோலில் ஒரு தாளை உருவி, அதை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்தாள்.

"நான் சொன்னது தப்பா இருந்தா..." என்றான்.

"இல்லண்ணா." தாளைக் கீழே போட்டாள். "பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு வார்த்த பேசல. ஊமையோன்னு நெனச்சேன்."

அதற்குள் சுப்பராயலு வந்துவிட்டார். பாண்டுரங்கனை நேராகப் பார்த்து நின்றார்.

"இன்னா வாத்தியாரே? படிச்சவனா, இல்லியா?"

பாண்டுரங்கன் சாக்பீஸை உருட்டினார். அவர் உதடு பிரிந்தது. எந்த வார்த்தை வரப்போகிறது என்று இருதயராஜுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

"அவங்களை வுடு நைனா" என்றாள் அம்சா. "படிச்சவருதான். எம்.எஸ்சி. நெசந்தான். போன்ல சொன்னது அத்தினியும் பொய்."

சுப்பராயலு பெருமூச்சு விட்டார். "அப்பா, வயித்துல பால வார்த்தீங்க."

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

பந்தல்காரன் கயிறு கட்டுவதை நிறுத்தினான்.

"இன்னா சொல்ற?"

"அவர் மேல ஒரு கொறையும் இல்ல. படிப்புலயும் இல்ல, கொணத்துலயும் இல்ல. எனக்குப் புடிக்கல. பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சுன்னு ஆளனுப்பு."

சுப்பராயலுவின் கை ஓங்கியது. பாண்டுரங்கன் அதைப் பிடித்தார். பிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தக் கை தானாகவே பாதியில் நின்றுவிட்டிருந்தது. அம்சா ஒரு அடிகூட நகராமல் நின்றதைப் பார்த்து நின்ற கை.

"மாப்பிள்ள ஒசத்தி, ஆனா வேணாமா? ஊரு உன்ன இன்னா சொல்லும் தெரியுமா? திமிருன்னும். வேற எவனோடயோன்னும். பாஞ்சாலியையாவது ராசின்னு சொன்னாங்க. உன்ன எதெதுவோ சொல்லுவாங்க."

"சொல்லட்டும் நைனா. நான் இங்கதான இருக்கப்போறேன். எவ்ளோ வருஷம் சொன்னாலும் கேட்டுக்கறேன். சண்டையும் போட்டுக்கறேன். அவரு..."

அவள் உள்ளே போய்விட்டாள்.

சுப்பராயலு பாண்டுரங்கனின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்காமல் இருதயராஜின் முகத்தைப் பார்த்தார். அங்கே எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"வாத்தியாரே" என்றார். "திண்டிவனத்துக்கு ஆளனுப்பறதா, நானே போறதா?"

"நீங்களே போங்க" என்றார் பாண்டுரங்கன். "போயி அந்தப் பையன் கையைப் பாருங்க."

சமையல்காரர் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "இத எறக்கறதா, ஏத்தறதா? யாராச்சும் சொல்லுங்க."

இருதயராஜ் போய் அண்டாவின் மறு காதைப் பிடித்து வண்டியில் ஏற்றினான்.